நாலு மணி போன்

வெள்ளானூர்
10.5.2021

அன்புள்ள நைனாவுக்கு,

கஞ்சித் தூக்கு இருக்கும் பையிலேயே இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். ஆன்லைன் வகுப்புக்கு வேண்டுமென்று வீட்டிலிருக்கும் ஒரே போனை என்னிடம் விட்டுப்போனீர்கள். அதில் பாடத்தைவிட உங்கள் கொரோனாவைத்தான் அதிகம் படிக்கிறேன். குப்புறப் படுத்தால் ஆக்சிஜன் அளவு ஏறுமாம். படுக்கிறீர்களா? "குப்புறப் படுத்தா ஊட்டுக்கு ஆவாது" என்று திட்டும் அம்மாவே இப்போது படுக்கச் சொல்கிறாள்.

டியூட்டி டாக்டர் ஓர் ஊசி மருந்து எழுதி, கிடைத்தால் போடலாம் என்றார். கீழ்ப்பாக்கத்தில் விற்கிறார்களாம். நாளை நானும் அம்மாவும் போகிறோம்.

உங்கள் மகள்,
யுவராணி


10ஆம் தேதி, சாயந்தரம்

கண்ணு யுவா,

மாஸ்க்கோட பேச முடியல, அதான் எழுதறேன். லாவண்யா சிஸ்டர் இத போட்டோ புடிச்சி உனக்கு அனுப்புவாங்க.

குப்புறத்தான் படுத்துகினுகீறேன். பக்கத்து பெட் சம்பந்தம், "இன்னா மாமே, ஆமை மாதிரி கீறே"ன்றான். அவனும் ஆமைதான்.

ஊசிக்கு அலையாதீங்க. பெரிய டாக்டரையே கேட்டுட்டேன். ஆக்சிஜனும் ஸ்டீராய்டும்தான் வேலை செய்யுமாம், அந்த ஊசி இல்லன்னா ஒண்ணும் கொறஞ்சிடாதாம். கூட்டத்துல நின்னு நீங்களும் படுத்துட்டா யாரு பாக்கறது?

நாளிக்கி நாலு மணிக்கு சிஸ்டர் வீடியோ போட்டுத் தராங்களாம். ரெண்டு பேரும் போன்கிட்டயே இருங்க. எனக்கு அது போதும்.

நைனா


வெள்ளானூர்
11.5.2021

அன்புள்ள நைனாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள், போய்விட்டோம். "கெடைக்கிற மருந்த உட்டுட்டு எப்படிடி ஊட்ல குந்திகினு கீறது?" என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வரிசையில் ஆட்களுக்குப் பதிலாகச் செருப்புகள் நின்றன. அம்மாவும் தன் செருப்பை விட்டுவிட்டு நிழலுக்கு வந்தாள். நான் அங்கேயும் போனில் அந்த மருந்தைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். நாலு மணி இருக்குமே என்று பார்த்தபோது போன் அணைந்திருந்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. சிஸ்டரின் எண்ணும் அதற்குள்தான்.

வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டதும் மூன்று அழைப்புகள் தவறியிருந்தது தெரிந்தது. திரும்ப அழைத்தேன், சிஸ்டர் எடுக்கவில்லை. டியூட்டி முடிந்து போயிருப்பார்.

ஆனால் மருந்து கிடைத்துவிட்டது, நைனா! காலையில் கொண்டுவருகிறோம். நாளை நாலு மணிக்குக் கட்டாயம் பேசுவோம்.

உங்கள் மகள்,
யுவராணி


வெள்ளானூர்
20.5.2021

அன்புள்ள நைனாவுக்கு,

அன்று காலை ஆஸ்பத்திரி கேட்டில் உங்கள் பெயரைச் சொன்னேன். காவலாளி பையை வாங்கவில்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "பெரியவங்க யாரும் வரலியா பாப்பா?" என்றார். அம்மா அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

மருந்தை, கேட்டருகே நின்றிருந்த சம்பந்தம் மாமாவின் மனைவி கையில் அம்மா திணித்தாள். "உங்க ஊட்டுக்காரருக்காச்சும்" என்றாள். அந்த அக்கா அம்மாவின் காலில் விழப் போனார். பெரிய டாக்டர் உங்களிடம் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை.

லாவண்யா சிஸ்டர் போன் செய்தார். 11ஆம் தேதி நாலு மணிக்கு முன்பே தலை வாரிவிடச் சொன்னீர்களாம். நாங்கள் எடுக்காதபோது, "டவர் கெடைக்காது சிஸ்டர், எங்க ஏரியா அப்டி" என்று எங்களுக்காக நீங்களே காரணம் சொன்னீர்களாம்.

தினமும் மூன்று மணிக்கே போனைச் சார்ஜில் போட்டுவிடுகிறேன். எதற்கு என்று அம்மா கேட்பதில்லை. நாலு மணிக்குத் தலை வாரிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.

உங்கள் மகள்,
யுவராணி