எனக்கும் பாப்பாவுக்கும் ஒரே ஊசி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். வழக்கத்துக்காக எழுதும் வரி இல்லை இது. இன்று காலை வந்த ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த கையோடு எழுதுகிறேன். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போன் செய்தால் அத்தான்தான் எடுக்கிறார். “உங்க அக்கா குளிக்கிறா மச்சான்” என்கிறார். ஒரு மனுஷி எத்தனை முறைதான் குளிப்பாள்? பாவம், அவருக்குப் பொய்யும் வரவில்லை. பின்னாலேயே நீ பிள்ளைகளைத் திட்டும் சத்தம் கேட்கிறது.

சரி, சேதிக்கு வருகிறேன். என் ரத்தப் புற்றுநோய்க்கு உன் எலும்பு மஜ்ஜையை ஏற்றினார்கள் அல்லவா? என் பழைய ரத்தம் போனபோது, சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் அதோடு போய்விட்டதாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும் என்றார் டாக்டரம்மா. எங்கே தெரியுமா? குழந்தைகள் பிரிவில். சுவர் முழுக்க ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கும் அறையில், முழங்கால் வாயில் இடிக்கும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, “உங்க குழந்தை எங்கங்க?” என்று கேட்டார். “அது அவங்க அம்மா மடியில இருக்கு. ஆனா மொத ஊசி எனக்குத்தான்” என்றேன். அந்த அம்மா தன் குழந்தையோடு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். ஊசி போட்டதும் பாப்பா கொஞ்சம்தான் அழுதாள். நான் எவ்வளவு அழுதேன் என்று உன் தம்பி பொண்டாட்டியிடம் கேட்காதே.

ஆனால் முதல் சுற்று ஊசி வீணாகிவிட்டது. ரத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. உன் செல்கள் எனக்குள் பிழைத்துக் கிடக்கின்றன, ஆனால் வேலை செய்யவில்லையோ என்று பயம்.

டாக்டரம்மா உட்கார வைத்து விளக்கினார். உடம்பில் ஒரு வகை செல் கிருமியைப் பிடித்துத் தின்று, அதன் ஒரு துண்டை எடுத்துத் தன் மேலேயே வைத்துக் காட்டுமாம். அந்தத் துண்டுதான் ஆன்டிஜென். அதை டி செல்கள் என்னும் காவல் செல்கள் ஒவ்வொன்றாக வந்து தொட்டுப் பார்க்கும். ஒரு டி செல்லுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வடிவம்தான். பொருந்தாவிட்டால் அது தன் பாட்டுக்குப் போய்விடும். பொருந்தினாலும் உடனே கிளம்பாது. துண்டைக் காட்டும் செல், “ஆமாம், ஆபத்துதான்” என்று இன்னொரு சைகையும் தர வேண்டும். அப்புறம்தான் அது விழித்து, பெருகி, கிருமியை மடக்கும் ஆன்டிபாடி செய்யும் செல்களையும் முடுக்கிவிடும். இதைக் கேட்டு உன் தம்பி பொண்டாட்டி சொன்னாள்: “அக்காவோட செல்லாச்சே! அவங்களும் ரெண்டு தரம் சொன்னாத்தானே எதையும் நம்புவாங்க.”

என் விஷயத்தில், தோல் தடிப்புக்குக் கொடுத்த மாத்திரைதான் உன் செல்களை அடக்கி வைத்திருந்ததாம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டு மறுபடி ஊசி போட்டார்கள். மறுநாள் கை வீங்கி, உடம்பு அனலாகக் கொதித்தது. எனக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா எல்லாம் சோதித்துவிட்டு, வேறு தொற்று எதுவும் இல்லை என்று தெரிந்ததும் சிரித்தார். “உங்க அக்கா செல்லுங்க முழிச்சிக்கிச்சு போல. பொறுத்துப் பாக்கலாம்” என்றார். பார்த்தோம். இன்று முடிவு வந்துவிட்டது: ஆன்டிபாடி நிறையவே இருக்கிறது. அடுத்த மாதம் லிப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது அந்தத் தடிப்பைப் பற்றி. என் கையும் முதுகும் சிவந்து உரிந்தபோது, “என் ரத்தம்தானே அவனைக் கடிக்குது” என்று நீ அழுததை அத்தான் உளறிவிட்டார். அவரைத் திட்டாதே. நான் அதையும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். உன் செல்கள் என் தோலை வேற்று ஆள் என்று நினைத்தது உண்மைதானாம். ஆனால் அதே கண்தான் மிச்சம் மீதி ஒளிந்திருக்கும் புற்றுநோய்ச் செல்லையும் அடையாளம் கண்டு பிடிக்குமாம். “அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா லேசா தடிப்பு வந்தவங்களுக்கு நோய் திரும்புறது கொறச்சல்தான்” என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். ஊசி வலி என்று நர்ஸ் நினைத்துக்கொண்டார்.

தோல் இப்போது வழவழவென்று இருக்கிறது. உன் ரத்த வகையே எனக்கும் வந்துவிட்டது. உன் பிடிவாதமும் சேர்ந்து வந்துவிட்டதாக வீட்டில் புகார்.

பள்ளிக்கூட விடுமுறைக்கு வா, அக்கா. பாப்பாவை நீ இன்னும் தூக்கவே இல்லை. புது முகம் பார்த்தால் இப்போது வீறிட்டு அழுகிறாள். உன்னைப் பார்த்தும் அழுவாள். பயந்து திரும்பிப் போய்விடாதே. கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திரு. பழகிவிடுவாள்.

என்றும் உன் அன்பில் வாழும்
தம்பி