காட்டில் விட்டதல்ல, கையில் கொடுத்தது

இன்று காலை எங்கள் கட்டடத்தில் காஸ் மணத்தது. அழுகின முட்டை போன்ற அந்த மணம் படிக்கட்டு வழியாக ஒன்பதாம் மாடிவரை ஏறிவிட்டது. மணியடித்து எல்லோரையும் கீழே இறக்கினார்கள். கனடாவின் ஸ்காபரோவில், மாசிமாதக் குளிரில், வீட்டுச் செருப்போடு, படுக்கிற சட்டைக்கு மேல் ஜாக்கெற் போட்டுக்கொண்டு வாகனத் தரிப்பிடத்தில் நின்றோம். பக்கத்து வீட்டு அன்ரி மருந்துப் பையை மறந்துவிட்டுக் கறிவேப்பிலைச் சாடியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். காஸ்காரன் வந்து கொதிகலன் அறையில் எதையோ இறுக்கினான். காஸுக்குத் தன்பாட்டில் மணமே இல்லை, கசிந்தால் ஆட்களுக்குத் தெரியட்டும் என்று மணத்தைப் பிறகுதான் சேர்க்கிறார்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான்.

இதைக் கேட்டால் நீர் என்ன சொல்லியிருப்பீர் என்று எனக்குத் தெரியும். "அப்ப தங்கட சாமானுக்கு அடையாளம் போட்டுத்தான் விடினம். பிறகென்ன காட்டு மிருகம்?" என்று துள்ளியிருப்பீர். சொல்லத்தான் நீர் இல்லை. நீர் கண்ணை மூடி ஐந்து மாதமாகிறது.

காஸும் காட்டு மிருகமும் எங்களுடைய வாய்க்குள் வந்தது அந்த மாலை வகுப்பில். சட்ட அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை செய்வதற்கான படிப்பு. நாற்பது தாண்டிய பிறகு, பகல் முழுக்க நீர் பேக்கரியில் பாண் அடுக்கிவிட்டு, நான் முதியோர் இல்லத்தில் கட்டில் விரிப்பு மாற்றிவிட்டு, பின்ச் வீதிப் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டு போவோம். ஊரில் நீர் எங்கள் விதானையார், பெண் விதானை. எந்த வீட்டில் எத்தனை பேர், யார் பிறந்தது, யார் செத்தது என்று பதிந்து வைத்திருக்கிற அரச உத்தியோகம். உம்முடைய எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆங்கிலம்தான் உம்மோடு கடைசிவரை முறைத்துக்கொண்டு நின்றது.

சொத்துச் சட்டம் படிப்பித்த வெள்ளைக்காரர் ஒன்ராறியோவின் தென்மேற்கு மூலையில், சோளம் விளைகிற பக்கத்தில் பிறந்தவர். தன் தகப்பனின் வயலுக்குக் கீழே காஸ் வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குப் பெரிய பெருமை. முன்னொரு காலத்தில் காஸ் எடுத்து வெறுமையாய்ப் போன பாறைக்குள், கோடையில் வேறிடத்துக் காஸைக் குழாயால் ஏற்றி வைப்பார்களாம்; குளிர் வந்ததும் எடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்புவார்களாம். "நீங்கள் சோறு காய்ச்சுவது எங்கள் வயலுக்குக் கீழே கிடந்த காஸில்" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு ஒரு பழைய அமெரிக்கத் தீர்ப்பைச் சொன்னார். அங்கேயும் ஒரு கொம்பனி இப்படிக் காஸை நிலத்துக்குள் ஏற்றியது. அந்த நிலத்தில் ஒரு துண்டு ஒரு பெண்ணுடையது. என்னைக் கேட்காமல் என் காணிக்குக் கீழே உங்கள் பொருளை வைத்திருக்கிறீர்கள் என்று அவள் வழக்குப் போட்டாள். நீதிமன்றம் சொன்ன நியாயம் இது: காஸ் காட்டு மிருகம் மாதிரி. பிடித்து வைத்திருக்கும்வரை பிடித்தவருடையது. திரும்பக் காட்டில் விட்டால் அது ஒருவருடையதும் இல்லை. நிலத்துக்குள் விட்ட காஸும் அப்படித்தான், இனி அது கொம்பனியுடையதல்ல. கொம்பனியுடையதல்ல என்றால், கொம்பனி அவளுடைய காணிக்குள் அத்துமீறியது என்று எப்படிச் சொல்வது? வழக்குத் தள்ளுபடி.

வகுப்பு சிரித்தது. நீர் சிரிக்கவில்லை. என் முழங்கையில் இடித்து, "கேளும், நான் சொல்லுறதை அப்பிடியே இங்கிலிஷில கேளும்" என்றீர்.

"தங்கட இல்லையெண்டால், குழாய் ஏன் இன்னும் அவையின்ர கையில இருக்கு?"

கேட்டேன். வாத்தியார், பின்வந்த நீதிபதிகளும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார்கள் என்றார். நாலு பக்கமும் இறுகிய பாறைக்குள் வைத்து, திறப்பும் பூட்டும் தன் கையில் இருக்கும்போது, அது காட்டில் விட்டதாகாது, வைத்திருப்பதுதான் என்று பல இடங்களில் சட்டம் மாறிவிட்டதாம். உம்முடைய முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. நீர் காஸைப் பற்றி யோசிக்கவில்லை என்று அந்த வகுப்பில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஊரில் சண்டை முடிந்த அந்த நாட்களில், முள்வேலிக்குப் பக்கத்தில் இராணுவத்தின் ஒலிபெருக்கி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்களும் பெயரைப் பதியுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று. உம்முடைய மகன் சுதனுக்குப் பத்தொன்பது வயது. இயக்கம் பிடித்துக்கொண்டு போய்ப் பதினொரு நாள் வைத்திருந்தது, அவ்வளவுதான். எத்தனையோ தாய்மார் பிள்ளைகளைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்தார்கள். நீர் விதானையார். பதிந்தால்தான் பாதுகாப்பு என்று இருபது வருடம் ஊருக்குச் சொன்ன வாய். அவனைக் கையில் பிடித்துக்கொண்டு போய் மேசைக்கு முன்னால் நிறுத்தினீர். பெயரை அவர்கள் எழுதினார்கள். ஆளைப் பொறுப்பெடுத்ததற்கு நீர் ஒரு துண்டு கேட்டீர். வீதியை மறித்துச் சோதிக்கிற சென்றிப் பொயின்றில் சைக்கிளைக் கொடுத்தால்கூடத் துண்டு தருவார்களே, அந்தப் பழக்கத்தில்.

சீருடைக்காரன் சிரித்தான். "அம்மா, இது சைக்கிள் இல்லைதானே. துண்டு என்னத்துக்கு? விசாரிச்சுப்போட்டு விடுறது."

உமக்கு அடுத்து வரிசையில் நின்றது நான். என் மனுசன் முன்னமே கனடா வந்துவிட்டார். என்னோடு நின்றது என் தம்பி. அவன் பதினொரு நாள் அல்ல, இரண்டு வருடம் இருந்தவன். என் மகளைத் தூக்கி அவன் தோளில் போட்டு, "இவர் என்ர மனுசன்" என்று சொன்னேன். சீருடைக்காரனுக்கு நம்பிக்கை வரவில்லை. சுதனை ஏற்றின பஸ்ஸைப் பார்த்தபடி நின்ற உம்மைத் திருப்பிக் கேட்டான்: "நீங்கதானே விதானை? இது உண்மையா?"

நீர் என்னைப் பார்த்தீர். என் தம்பியைப் பார்த்தீர். "ஓம்" என்றீர்.

உம்முடைய வாழ்க்கையில் நீர் செய்த ஒரேயொரு பொய்ப் பதிவு அது. என் தம்பி இன்றைக்கு வவுனியாவில் வாகனம் திருத்துகிறான், இரண்டு பிள்ளைகள். உண்மையைச் சொல்லிப் பதிந்த பிள்ளை எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. இதை நீர் ஒருநாளும் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஊரில் நீர் ஆட்கொணர்வு மனுப் போட்டுவிட்டுத்தான் இங்கே வந்தீர். எதிர்த்தரப்பு ஒவ்வொரு தவணையிலும் ஒரே பதிலைத்தான் சொல்லியது: அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை, எங்கள் பட்டியலில் பெயர் இல்லை, படகேறி எங்கேயாவது போயிருக்கலாம். அந்த வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நீர் சொன்னீர்: "பாரும், காஸ் கொம்பனி சொன்ன அதே கதைதான். உள்ளுக்க வைச்சுக்கொண்டு, எங்கட இல்லை எண்டுறது. நான் அவனைக் காட்டில விடேல்ல. கையில குடுத்தனான்."

ஒரு வாரம் கழித்துப் புறாக்களைப் பற்றிய பாடம் வந்தது. திரும்பி வருகிற பழக்கமுள்ள பிராணி பறந்து போனாலும் வளர்த்தவருடையதுதான் என்பது சட்டம். நீர் கொப்பியில் எழுதுவதை நிறுத்திவிட்டு, "சுதனும் அப்பிடித்தான். எங்க போனாலும் ஆறு மணிக்கு வீட்டை வந்திடுவான்" என்றீர். எனக்கு எரிச்சல் வந்தது. சட்டப் புத்தகத்தை நீர் சாத்திரி வீட்டு ஓலை மாதிரிப் படிக்கிறீர் என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டேன். நீர் கோபிக்கவில்லை. தோடம்பழம் ஒன்றை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினீர்.

கடைசிக் கட்டுரையை நீர் அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் எழுதினீர். நான்தான் ஆங்கிலமாக்கினேன். கடைசிப் பந்தியில் சுதன் வந்தான். அதை எடுத்துவிடும் என்று எவ்வளவோ கெஞ்சினேன், நீர் கேட்கவில்லை. நல்ல வாதம், கடைசிப் பந்தி தலைப்புக்கு வெளியே போகிறது என்று வாத்தியார் ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார். அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "இனிமேல் மாறும். அங்க மாறினது எங்கட இடத்திலயும் மாறும்" என்றீர். அந்தச் சட்டம் ஏன் மாறியது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கொம்பனிக்கு வழக்கிலிருந்து தப்பத் தேவைப்பட்டபோது காஸ் காட்டு மிருகமாக இருந்தது. அடுத்தவன் குழாய் போட்டு எடுத்துவிடுவான் என்று பயம் வந்தபோது அது வீட்டுப் பசுவாகிவிட்டது. உமக்காக மாற அங்கே யாருக்கு என்ன அவசரம்?

அதன்பிறகுதான் நீர் என்னைக் கேட்டீர். அதே பஸ் தரிப்பில், அதே குளிரில்.

"பார்த்த ஆள் ஒராள் சத்தியக் கடதாசி தந்தால்தான் வழக்கு நிக்குமாம். லோயர் சொல்லுறார். அண்டைக்கு எனக்குப் பின்னால நிண்டது நீர்."

"தம்பி அங்கதானே இருக்கிறான்" என்றேன். "நான் எழுதினால் அண்டைக்குச் சொன்ன பொய்யும் வெளியில வரும். அவனை இஞ்சால எடுத்திட்டு எழுதித் தாறனே."

"ஓம், ஓம். அவனையும் பார்க்கத்தானே வேணும்" என்றீர்.

கல்யாணம் முடித்த தம்பியைக் கனடாவுக்கு எடுக்க எனக்கு வழி ஒன்றும் இருக்கவில்லை. அது எனக்குத் தெரியும். படிப்பு முடிந்து எனக்கு வேலை கிடைத்த அலுவலகத்தில், இதே கேள்வியோடு வருகிற சனத்துக்கு இல்லை என்று சொல்லி அனுப்புவதே என் வேலை. உமக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒருமுறை நீர் கேட்பீர், அதுவும் நேரே அல்ல. "தம்பியின்ர அலுவல் என்ன மாதிரி?" என்று. நான் "பார்த்துக்கொண்டிருக்கிறன்" என்பேன். இப்படியே எட்டு வருடம் ஓட்டினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில், வயிறு வீங்கி, குரல் போன பிறகும் நீர் வாயசைத்துக் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான். நான் அதே பதிலைச் சொன்னேன். சாகிறவளிடமும் பொய் சொன்னேன். இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உம்முடைய எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த மறுநாள் தம்பிக்கு அழைத்தேன். ஏன் அவ்வளவு காலம் இதை அவனிடம் சொல்லவில்லை என்று கேட்காதேயும். கதை முழுவதையும் அவன் கேட்டான்.

"அக்கா, அந்த மனுசி சொன்ன ஓமிலதான் நான் இண்டைக்கு மூச்சு விடுறன். நீ என்னை ஒருக்கால் கேட்டிருக்கலாமே. நானே போய்ச் சொல்லியிருப்பன்."

எட்டு வருடம் நான் காத்தது தம்பியை இல்லை. என்னைத்தான்.

உம்முடைய லோயரையும் பிடித்தேன். சாட்சி இல்லாமல் இழுபட்டுக்கொண்டிருந்த மனு, போட்டவர் இறந்ததோடு மூடப்பட்டுவிட்டது என்றார். புதிதாகப் போடலாமா என்று கேட்டேன். "போடலாம். ஆரின்ர பேரில? தகப்பன் இல்லை, சகோதரம் இல்லை." நானே போடுகிறேன் என்றேன். "நீங்கள் அவனுக்கு என்ன முறை?" என்று கேட்டார். நல்ல மனிதர், குத்திக் கேட்கவில்லை. வரிசையில் அடுத்ததாக நின்றவள் என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, "எழுதி அனுப்புங்கோ, வைச்சிருப்பம். ஆனால் நம்பியிராதேங்கோ" என்றார்.

போன கிழமை அந்தச் சத்தியக் கடதாசியை எழுதினேன். முள்வேலி, மேசை, நீர் கேட்ட துண்டு, சீருடைக்காரன் சொன்ன பதில், என் பொய், உம்முடைய ஓம், எல்லாவற்றையும் எழுதினேன். ஒப்புறுதி எடுக்கிற வழக்கறிஞர் சின்னப் பெடியன், இங்கே பிறந்தவன். வாசித்துப் பார்த்துவிட்டு, "அன்ரி, what was Suthan wearing? அதுவும் போட்டால் நல்லம்" என்றான்.

நீலச் சேட்டு என்று சொன்னேன். எழுதினான். சத்தியம் செய்து கையெழுத்து வைத்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, சுதன் பஸ் படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தது கண்ணுக்குள் வந்தது. அப்போது சேட்டு பச்சையாக இருந்தது. வீட்டுக்கு வந்து இருந்து யோசித்தேன். ஒருமுறை நீலம் வருகிறது, ஒருமுறை பச்சை வருகிறது. கோடு போட்டதோ என்றும் வருகிறது.

அவன் அன்று எந்தச் சேட்டோடு நின்றான் என்று அத்தனை வருடமும் உமக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கும். அதை நீரே தோய்த்து, காயவைத்து, அன்று காலையில் அவனுக்குப் போட்டுவிட்டிருப்பீர். பஸ்ஸிலும் வகுப்பிலும் ஆஸ்பத்திரியிலும் எவ்வளவு நேரம் உமக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒருநாளும் கேட்கவில்லை. அவனைக் கொடுத்ததைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தவள் நான் ஒருத்தி. என்னிடம் இருக்கிற கடதாசியில் நீலம் என்று இருக்கிறது.