நேராகப் போகாத நீலம்

மார்ச் 4

ஆராய்ச்சியில் நான்காம் வருடம். கண்ணாடித் தொட்டி நிறையச் சிவப்புத் திரவம். ஒரு முனையில் ஒரு சொட்டு மருந்து விட்டால் அங்கே நீலம் பிறந்து, அலையாக மறுமுனைக்கு நகரும். திரவத்தைக் கலக்கினால் அலையின் விளிம்பு கசங்கும், சிவப்பைத் தொடும் இடம் கூடும், வேகமும் கூடும். இந்த இடம்வரைக்கும் என் வழிகாட்டிப் பேராசிரியருக்கும் எனக்கும் சண்டையில்லை. ஆனால் கலக்கக் கலக்க வேகம் நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகும் என்று அவர் இளமையில் எழுதித் தொலைத்துவிட்டார். முடி கொட்டிவிட்டது, கோடு மட்டும் அப்படியே நிற்கிறது.

மார்ச் 9

ஓர் அளவுக்கு மேல் கலக்கினால் வேகம் ஏற மறுக்கிறது. இன்னும் கலக்கினால் அலையே செத்துவிடுகிறது. அடுப்பை ஊதினால் எரியும், ஓங்கி ஊதினால் அணையும் — இதைச் சொல்ல முனைவர் பட்டமா வேண்டும்?

வரைபடத்தைப் பேராசிரியரிடம் காட்டினேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம்: ஓர் அளவீடு அவர் கோட்டில் விழுந்தால் அது "நம்ம புள்ளி". விலகினால் "உன் புள்ளி".

"உன் புள்ளியெல்லாம் ஏம்மா கீழ தொங்குது? தொட்டியை ஒழுங்கா கழுவறதில்லையா?"

மார்ச் 10

தொட்டி கழுவினேன். தொங்குகிறது.

மார்ச் 11

தொட்டி.

மார்ச் 17

இன்று வாய்விட்டே சொல்லிவிட்டார். "அந்தப் புள்ளிங்களை எடுத்துடு, ஆய்வேட்டுல கையெழுத்து போடறேன். இல்லன்னா உன் இஷ்டம்."

அவர் கையெழுத்து இல்லாமல் பட்டம் கிடையாது. இஷ்டமாம்!

என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "மொத்தம் எத்தனை புள்ளி?" என்றார். ஆறு என்றேன். "ஆறு புள்ளிக்காகவா நாலு வருஷத்தைத் தண்ணியில விடப்போற?"

அம்மா போனில் இன்னும் சுருக்கம்: "தலையை ஆட்டிட்டு வெளிய வந்துடுடி."

ஏப்ரல் 2

ஆறையும் அழித்துப் பார்த்தேன். அடடா, என்ன லட்சணமான கோடு! என் தொட்டி வரையாத கோடு. திரும்பப் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 15

வெளியூரிலிருந்து மதிப்பீட்டுக் குழு. பேராசிரியர் புதுச் சட்டையில் வந்து, கலக்கும் மோட்டாரின் திருகைத் தானே கடைசிவரை முறுக்கினார். "இப்ப பாருங்க வேகத்தை!"

எல்லோரும் குனிந்தார்கள். நீலம் பிறந்தது, துணுக்கு துணுக்காகப் பிய்ந்தது, காணாமல் போனது.

"இந்தப் பொண்ணு தொட்டியைச் சரியா கழுவல," என்றார், சிரித்துக்கொண்டே.

நான் சும்மா இருந்திருக்கலாம். "காலையிலதான் கழுவினேன் சார். மறுபடி ஓட்டிக் காட்டவா?" ஓட்டினேன். மறுபடியும் செத்தது. குழுவில் வந்திருந்த பேராசிரியை ஒருவர் மட்டும் தொட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மற்றவர்கள் காபி எங்கே என்று கேட்டார்கள்.

ஏப்ரல் 16

கையெழுத்து கிடையாதாம். நாலு வருஷம் போச்சு. எதுக்குடி வாயைத் திறந்த? யாரு கேட்டா உன்னை?

ஜூன் 20

குழுவில் வந்திருந்த அந்தப் பேராசிரியையின் ஆய்வகத்தில் சேர்ந்துவிட்டேன். மறுபடியும் முதல் வருடம். கூட இருக்கும் பிள்ளைகள் என்னை மேடம் என்கிறார்கள். "திரும்ப முதல்லேருந்தா?" என்று வழியெல்லாம் முணுமுணுத்த வீட்டுக்காரர்தான் என் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

பேராசிரியை என் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "கடைசி ரெண்டு புள்ளி எனக்குப் பிடிக்கல."

இங்கேயுமா?

"மறுபடி ஓட்டிப் பாரு. அப்பவும் அங்கேயே வந்தா, எனக்குப் பிடிக்காட்டியும் இருந்துட்டுப் போகட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்தனை பேர் முன்னாலும். பேராசிரியை பதறிப்போய், "ஐயோ, இன்னைக்கே வேணாம்மா, நாளைக்கு ஓட்டினா போதும்," என்றார்.