கேட்டுக்கு வெளியே ஒரு சேவல்

மாமா,

இன்று காலை நம் பண்ணையின் கேட்டுக்கு வெளியே ஒரு சேவல் கூவியது. வேறு வீடாக இருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். முட்டைக்கோழி மட்டுமே வளர்க்கும் நம் இடத்தில் சேவல் சத்தம் கேட்டால், யாரோ எதையோ கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தீவன வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். நீங்கள் இருந்திருந்தால் எனக்கு முன்னால் ஓடியிருப்பீர்கள்.

பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வயதானவர் நின்றிருந்தார். அவர் காலடியில் கவிழ்த்த கூடை, கூடைக்குள் சேவல்.

"யாருங்க நீங்க? அங்கயே நில்லுங்க, கிட்ட வராதீங்க" என்றேன்.

பெரியவரிடம் பேசுகிற பேச்சா இது என்று கேட்காதீர்கள். இந்தப் பேச்சை எனக்குப் பழக்கியதே நீங்கள்தான். அதோடு, இந்த வாரம் எனக்குப் பயமும் கூடுதல். கொஞ்ச நாளாகக் குஞ்சுகள் சாகின்றன. காலையில் போய்ப் பார்த்தால் மூலையில் நாலைந்து விறைத்துக் கிடக்கின்றன. உங்கள் பேரனின் மனைவி, என் மருமகள் கோகிலா, தலைச்சோலையில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்த மறுநாளிலிருந்து இப்படி. அந்த வீட்டு வாசலில் நாட்டுக்கோழிகள் மேய்வதை நானே பார்த்திருக்கிறேன். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் கழற்றிவிட்ட செருப்பைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

இந்தத் தொழிலுக்கு நம் குடும்பம் போட்ட முதலே சந்தேகம்தான். உங்கள் அப்பா மலைக்கிராமங்களில் முட்டை வாங்கி, கூடையில் உமி பரப்பி அடுக்கி, எஸ்டேட் பங்களாக்களுக்குச் சுமந்தவர். வாங்குகிற ஒவ்வொரு முட்டையையும் தண்ணீர்ச் சட்டியில் போட்டு, மிதக்கிறதா என்று பார்ப்பாராம். சொந்தத் தங்கை கொடுத்த முட்டையைக்கூடச் சட்டியில் போட்டவர் என்று நீங்களே பெருமையாகச் சொல்வீர்கள். உங்கள் மகன் தீவன மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து அள்ளி மோந்து பார்க்காமல் லாரியை அனுப்பமாட்டார். உங்கள் பேரன், மற்ற பண்ணைக்காரர்கள் போனில் போடுகிற முட்டைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, "இது இவங்க முட்டையே இல்ல" என்கிறான். இந்த வீட்டில் என்னைப் பெண் பார்த்தார்களா, போலீஸ் விசாரணை செய்தார்களா என்று எங்கள் அம்மா கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாருடைய சந்தேகத்துக்கும் மேலே உங்களுடையது. ஷெட்டு வாசலில் சுண்ணாம்புத்தூளைப் பரப்பி, அட்டையால் மாவு போல இழுத்துச் சமன் செய்வீர்கள். கிருமி உள்ளே போகாமலிருக்க என்று ஊருக்குச் சொன்ன காரணம். யார் கால் உள்ளே போனது என்று காலையில் பார்ப்பதற்கு என்பது வீட்டுக்குள் எல்லாருக்கும் தெரிந்த காரணம். தடத்தைப் பார்த்தே ஆளைச் சொல்வீர்கள். "செருப்பு பொய் சொல்லாது கண்ணு" என்பீர்கள். வெளிச்செருப்பு வெளியே, ஷெட்டுச்செருப்பு உள்ளே. குப்பனூரில் என் அம்மா வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குக் குளித்து, சேலை மாற்றித்தான் வாசல் மிதிக்க வேண்டும். அங்கே அம்மா கோழி வளர்த்தாள்.

எங்கள் ஊர்க் கோயில் நோம்பிக்குப் போய்வந்த அந்த வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். குளித்தேன், சேலை மாற்றினேன், எல்லாம் செய்தேன். சில நாளில் கோழிகள் வெள்ளையாகக் கழிய ஆரம்பித்தன. பிறகு தலை தொங்கியது. ஒரு ஷெட்டு முழுக்கக் காலியாகி, பின்னால் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். அத்தை என் முகத்தைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துச் சொன்னார்: "காலோட கொண்டாந்துட்டா." உங்கள் மகன் தலையைக் குனிந்துகொண்டார். நீங்கள் வாசலில், சுண்ணாம்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தீர்கள். நான் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் சிரித்துக்கொண்டே, "உங்கம்மா ஊட்டுக் கோழி சுகமா?" என்று கேட்பார்கள். நான் குப்பனூர் போவதைக் குறைத்துக்கொண்டேன். அம்மா ஒரு நாள் தன் கோழிகளை எல்லாம் விற்றுவிட்டாள், மகள் பயமில்லாமல் வந்து போகட்டும் என்று. காலியாகக் கிடந்த அந்தக் கூண்டை நான் போய்ப் பார்த்தேன் மாமா. அன்று அழுத அழுகை வேறு எதற்கும் அழுததில்லை.

நீங்கள் என்ன செய்தீர்கள்? ஷெட்டுச் சாவியை என் கையில் கொடுத்தீர்கள். மகன் இருக்க மருமகளிடம் சாவியா என்று அத்தை நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. எனக்கோ அது கண்ணியாகத்தான் பட்டது. திருடன் கையில் சாவியைக் கொடுத்து மறைந்து நின்று பார்ப்பதுபோல, என்னைச் சோதிக்கிறீர்கள் என்று நினைத்தேன். தினமும் நான் சுண்ணாம்பைத் தாண்டும்வரை கொய்யா மரத்தடியில் நிற்பீர்கள். என் காலைப் பார்க்கிறீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பேன். அந்த நாட்களில்தான் தோளில் துண்டு போடுவதையும் விட்டீர்கள். கோழி போன துக்கம் என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன். நான் சந்தேகப்படாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

இன்றைக்குக் கேட்டில் நின்றவர் கரடியூர்க்காரர், பெயர் சின்னப்பையன். இத்தனை வருஷத்தில் நான் கேள்விப்படாத பெயர்.

"உங்க மாமனாரும் நானும் நொம்பப் பழக்கமுங்க அம்மிணி" என்றார். "இது அவரோட சேவல் வழியில வந்ததுங்க. நான் சேலத்துல மக ஊட்டோட போறேன். அங்க வெக்க எடமில்லீங்க. அதான் உங்ககிட்டயே குடுத்தரலாமுன்னு."

"எங்க மாமனாருக்கு ஏதுங்க சேவல்?"

என்னைக் கிண்டல் செய்கிறாரா, வேறு பண்ணைக்காரர் யாராவது அனுப்பிய ஆளா என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் சிரித்தார்.

"கட்டுச்சேவலுங்க, சண்டைக்கு உடறது. என் ஊட்டுலதான் விட்டிருந்தாரு. பண்ணை வெச்சிருக்கறவரு சேவக்கட்டுக்குப் போனா ஊரு சிரிக்குமில்லீங்களா, அதான் ஆருக்கும் சொல்லலீங்க. சாயங்காலமானா வந்துருவாரு. மடியில வெச்சு, தோள் துண்டை நனைச்சுத் தொடைச்சு உடுவாரு. பெத்த புள்ளையைக்கூட அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டாருங்க."

கேட்டைப் பிடித்துக்கொண்டேன். "அந்தச் சேவலுக்குச் சீக்கு வந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

"வந்துச்சுங்களே. கழிச்சல். கழுத்து ஒரு பக்கமாக் கோணிக்கிச்சு, ஆனா பொழச்சுது. அதுக்கப்பறந்தான் உங்க ஊட்டுல..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"அவருக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாமயாங்க? நேரா வந்து அந்தத் துண்டை என் அடுப்புலதான் போட்டாரு. 'மருமவளைச் சொல்றாங்கடா, என்னால வாயைத் தொறக்க முடியலை'ன்னு சின்னக் கொழந்தையாட்டம் அழுதாரு. அதுக்கப்பறம் சேவலை அவரு தொடவேயில்லீங்க."

எல்லார் செருப்பையும் மாற்றச் சொன்னீர்கள், உங்களுடையதையும் மாற்றினீர்கள். தோளில் கிடந்த துண்டை மறந்துவிட்டீர்கள். சுண்ணாம்பில் துண்டுக்கு ஏது தடம்?

எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் அந்தச் சேவலை உங்கள் மடியில் கொண்டுவந்து போட்டு, இப்போது தொடைங்க பார்க்கலாம் என்றிருப்பேன். என் அம்மாவின் கூண்டுக்கு என்ன பதில் என்று கேட்டிருப்பேன். கோபம் தணிந்த பிறகு அந்தக் கொய்யா மரத்தடி ஞாபகம் வந்தது. என் காலையா பார்த்தீர்கள், இல்லை, என் முகத்தைப் பார்த்து எதையாவது சொல்ல நின்றீர்களா? இதையும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. உங்களிடம் கற்றவள் இல்லையா.

சேவலை வாங்கவில்லை. நம் பண்ணையில் சேவலா! கேட்டுக்கு வெளியே வைத்தே சின்னப்பையனுக்குக் காப்பி கொடுத்து, "சேலத்துக்கே கொண்டு போங்க, அங்க ஆராச்சும் கேப்பாங்க" என்று அனுப்பினேன். நல்ல கம்பீரமான சேவல். கழுத்து நேராகத்தான் இருந்தது.

குளித்து, சேலை மாற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். கோகிலா சுண்ணாம்புக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தாள். உங்கள் மகனும் பேரனும் உள்ளே செத்த குஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கும் செத்திருக்குதுங்க அத்த. நான் உள்ள வரலீங்க" என்றாள். சொல்லிவிட்டு என் வாயையே பார்த்தாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"இது உன்னால வந்ததில்ல கண்ணு. செருப்பை மாத்திக்கிட்டு உள்ள வா" என்றேன், உள்ளே இருக்கிற இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி.

உங்கள் மகன் நிமிர்ந்தார். "டாக்டரே இன்னும் வந்து பாக்கல. உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்றேன்.

எனக்கு எங்கே தெரியும் மாமா? டாக்டர் நாளைக்குத்தான் வருகிறார். பனிக் குளிராக இருக்கலாம், தண்ணீராக இருக்கலாம், அவள் செருப்பாகவும் இருக்கலாம். அவள் சுண்ணாம்பைத் தாண்டி உள்ளே போனதும் நான் குனிந்து தடத்தைப் பார்த்தேன், பழக்கம் விடுமா? ஆனால் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கமாட்டேன், டாக்டர் என்ன சொன்னாலும்.

நீங்கள் எனக்குச் சாவியைக் கொடுத்தீர்கள், அந்த ஒரு வார்த்தையைக் கொடுக்கவில்லை. நான் அவளுக்கு வார்த்தையைக் கொடுத்துவிட்டேன். சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது.