முழுசாக அப்பா, ஓரெழுத்தாக நீ

அண்ணா,

ஆஸ்பத்திரியில் கட்டிக்கொடுத்த பையை இன்றைக்குத்தான் பிரித்தேன். உன் ஸ்வெட்டரைத் துவைக்கலாமென்று உதறினால், மணிக்கட்டில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டை விழுந்தது. “ராமநாதன் எஸ்.” என்று அச்சடித்திருக்கிறது. அப்பா முழுசாக இருக்கிறார், நீ ஓரெழுத்து. துவைக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நம் இனிஷியல் இந்த வங்காளத்து ஊருக்கு என்றைக்குப் புரிந்தது? நீ வேலையில் சேர்ந்த அன்று குமாஸ்தா “உங்க டைட்டில் என்ன?” என்று கேட்டாராம். டைட்டில் என்றால் இங்கே குடும்பப் பெயர். அப்படி ஒன்று நமக்குக் கிடையாது என்று நீ சொன்னதும், ஆர் என்றால் என்னவென்று கேட்டு அப்பா பெயரை விரித்து எழுதினார். உன் பெயரை எஸ் ஆக்கினார். அன்றிலிருந்து நீ ராமநாதன் பாபு. சாயங்காலம் லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு வந்து காபியைக் கையில் வாங்கியதும், “அப்பா இன்னும் ரிட்டயர் ஆகலைடி, தினம் என்னோட ஆபீஸ் வரார்” என்பாய்.

அப்பா போன பிறகும் அதையே சொன்னாய். “போய்த் திருத்தச் சொல்லேன், அசடு!” என்று கத்தினேன்.

“இருக்கட்டும்டி. நாள்பூரா யாராவது அவர் பேரைச் சொல்றா. நன்னாத்தானே இருக்கு?”

கடைசிவரை எல்லாக் காகிதத்திலும் அப்படியே இருந்துவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் வார்டு வாசல் பெஞ்சில் இருந்தேன். “ராமொநாதொனேர் பாடீர் லோக்?” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். ராமநாதன் வீட்டு மனுஷா யார் என்று அர்த்தம். அட, அப்பா பெயரில் இங்கே இன்னொருத்தரா, பாவம், என்று நினைத்தேன். யார் எழுந்திருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன் அண்ணா. நாற்பது வருஷமாகக் கேட்டுச் சிரித்த கதை, மூன்று நாள் தூங்காத மண்டைக்கு எட்டவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது தடவை நர்ஸ் பெண்ணே வெளியே வந்து என் தோளைத் தொட்டாள். ஓடினேன். நீ போயிருந்தாய்.

“அவர் ‘புடி, புடி’ன்னு தேடினார்” என்றாள் வங்காளத்தில். “பெண்டாட்டி வெளியே இருக்காங்களோன்னு நினைச்சேன்.”

புடி என்றால் கிழவி. மூன்று வயசில் என் பெரிய மனுஷிப் பேச்சைக் கேட்டுக் கீழ்வீட்டு மாஷிமா செல்லமாக வைத்த பெயர். உன் வாயில் அது பூரியாகி, அப்படியே நிலைத்துவிட்டது. நர்ஸ் காதில் அது திரும்பவும் புடியாகியிருக்கிறது. கல்யாணமே செய்துகொள்ளாத உனக்குக் கிழவி ஏது? என்னைத்தான் தேடியிருக்கிறாய்.

நீ இருந்தால், “விடுடி, அப்பாவைக் கூப்பிடறான்னு நினைச்சுட்டே, அவ்வளவுதானே” என்று முடித்திருப்பாய். என்னால் விட முடியவில்லை. பாங்கிலோ டாக்டரிடமோ யார் பெயரைக் கூப்பிட்டாலும் எழுந்துவிடுகிறேன். போன வாரம் கரியாஹாட்டில் கண் டாக்டரிடம் போயிருந்தேன். “ஷிகா தாஸ்” என்றதும் எழுந்து நின்றேன். “நீங்களா ஷிகா?” என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை என்று உட்கார்ந்தேன்.

அடுத்த பெயருக்கும் எழுந்தேன்.