கறுப்பாய்ப் பூசிய நீலம்

வாலுவின் அம்மாவுக்கு,

நான் நலம். ஆஸ்பத்திரியில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் நம் வாலு காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே படுத்திருப்பாள். அதனால்தான் மதிய வண்டிக்குக் கிளம்பும் உன் தம்பி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாகப் படி.

நீ பாதியில் விட்டுப்போன தட்டுகளுக்கு நானே வண்ணம் தீட்டினேன். சக்கரத்தில் பழகிய கைக்குத் தூரிகை பிடிபடவில்லை. ஒருமுறை சுட்ட மண், வண்ணம் பட்டதுமே குடித்துவிடுகிறது. அழித்துத் திருத்த வழியில்லை. ஒரு மீனுக்கு வால் வரையும்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரியோ என்று பதறி, தூரிகையை அப்படியே அழுத்திவிட்டேன். பேசியது மண் வியாபாரி. என் அக்கா தட்டைப் பார்த்துவிட்டு, இது மீனாடா, தின்னு கொழுத்த எருமை மாதிரி இருக்கு என்று சிரித்தாள். போன் அடித்ததைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

நீலம் பூசும்போது கறுப்பாகத்தான் இருந்தது. பளபளப்பு தரும் மேல்பூச்சில் முக்கி எடுத்ததும் அதுவும் மறைந்து, எல்லாத் தட்டும் மாவு அப்பினாற்போல் ஆகிவிட்டது. தீயில் நிறம் வந்துவிடும் என்று தெரியும். இத்தனை வருஷம் பார்க்காததா? ஆனாலும் இந்த முறை சூளைக் கதவை மூடவே மனம் வரவில்லை.

இன்று காலை பற்றவைத்த பிறகுதான், வாலுவுக்கு ஆபரேஷனை நாளைக்கே வைத்துவிட்டார்கள் என்று நீ சொன்னாய். சூளை எரியுதே, நீயே பாத்துக்கோ என்று சொல்லிவிட்டேன். நீ உடனே போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். வேலை முடிந்ததும் வந்து சூளையைப் பார்த்துக்கொள்கிறாளாம். எனக்கு விறகு தள்ளத்தான் தெரியும், எப்ப நிறுத்தணும்னு தெரியாது, எல்லாம் உருகிப்போச்சுன்னா என்னைக் கேக்காதே என்றும் சொல்லி அனுப்பினாள். உருகினால் உருகட்டும். ராத்திரி வண்டியில் நான் கிளம்புகிறேன்.

பணம், மருந்துச் சீட்டு எதைப் பற்றியும் நீ யோசிக்காதே. கொஞ்ச நேரமாவது கண்ணை மூடு. வாலுவுக்கு ஊசி என்றால்தான் பயம். போடும்போது உன் விரலைக் கடிக்கக் கொடு.

வண்டி தாமதமாகி, நான் வருவதற்குள் அவளை உள்ளே கொண்டுபோனால், அப்பா கதவுக்கு வெளியேதான் நிற்கிறார் என்று சொல். பொய்யாக இருந்தாலும் சொல். ஓடி வந்து அதை நான் மெய்யாக்கிவிடுகிறேன்.

வந்துகொண்டிருக்கும்,
அவள் அப்பா