கூண்டுக்குள் பூஜ்யம்

ஜூலை 8, செவ்வாய்

காபி ஆறிவிட்டதாம். போட்டது அக்கா, திட்டு எனக்கு. அத்தான் வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து அறையில் படுக்கை. அவர் தலைமை வகிக்கும் இயற்பியல் துறையில் தற்காலிக வேலை. இரண்டு இடத்திலும் ஒரே வாய் திட்டுகிறது. அதுவும் ஒரு வசதிதான்.

ஜூலை 10

வகுப்பில் பாடம்: உள்ளீடற்ற உலோகக் கூடு. மின்னூட்டம் முழுக்க வெளிப்பரப்பில் போய் உட்காரும். உள்ளே மின்புலம், அதாவது ஃபீல்ட், இருக்காது. ஆனால் மின்னழுத்தம், அதாவது பொட்டென்ஷியல், பூஜ்யமல்ல, பரப்பில் என்னவோ அதுவேதான் உள்ளேயும். பலகையில் எழுதி முடிக்கவில்லை, வகுப்பைக் கண்காணிக்க வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தான் எழுந்தார்.

“ஃபீல்டே இல்லைங்கற, அப்புறம் பொட்டென்ஷியல் மட்டும் எங்கேருந்து வரும்? அழிம்மா. ஜீரோன்னு எழுது.”

அழித்தேன். எழுதினேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

வீட்டில் அக்காவிடம் பொருமினேன்: “மொட்டை மாடியும் சமமாத்தான் இருக்கு. அதுக்காக அது தரையாயிடுமா? விளிம்பைத் தாண்டி வெளிய கால் வெக்க முடியுமா?”

“அவர்கிட்ட வாய் குடுக்காதடி. உன் நிரந்தர வேலை அவர் கையில இருக்கு.”

ஜூலை 23

வெள்ளிக்கிழமை கண்காட்சி. பிளாஸ்டிக் கால்கள் மேல் நிற்கும் கம்பிக் கூண்டில் அத்தான் உட்காருவார். கூண்டுக்கு மின்னூட்டம் ஏற்றும் உயர் மின்னழுத்த இயந்திரத்தை நான் ஓட்ட வேண்டும். எப்போதும் இயந்திரத்தை அணைத்து, கூண்டில் தரைக்கம்பி வைத்து மின்னூட்டத்தை இறக்கிய பிறகே கதவைத் திறப்போம்.

“உள்ள ஜீரோதானே? எதுக்கு அணைக்கணும்? ஓடட்டும். அப்படியே கதவைத் திறந்து கை குடுக்கறேன். ஜனங்க வாயைப் பொளக்கணும்.”

“சரி அத்தான்” என்றேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமோ? சொல்லவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 25, வெள்ளி

கூண்டைச் சுற்றித் தீப்பொறி. உள்ளே அவர் கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாள் படித்தார். ஒரே கைதட்டல். கதவைத் திறந்து, வெளியே நின்ற கல்லூரி முதல்வரிடம் கை நீட்டினார். இருவர் விரல்களுக்கும் நடுவே ‘சடக்’. முதல்வர் அலறினார், அத்தான் துள்ளித் தலைகுப்புற விழுந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன் என்று எழுதினால் பொய்.

ஜூலை 26

இடுப்பு எலும்பு.

ஆகஸ்ட் 14

பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், “மெஷின்ல கோளாறு. இவதான் ஸ்விட்ச்சுல நின்னா.” இவள் அப்போது அவருடைய மலத்தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அடுப்படியில் அக்காவிடம் கேட்டேவிட்டேன்: “அணைக்க வேணாம்னு அவர்தானேக்கா சொன்னாரு?”

“தெரிஞ்சுதானேடி சும்மா இருந்த?”

அக்கா இயற்பியல் படிக்காதவள்.

செப்டம்பர் 3

நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு. அவருடைய சக்கர நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு போய் மேஜைக்கு அந்தப் பக்கம் விட்டேன். சுற்றி வந்து இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அத்தானுக்குப் பக்கத்தில் முதல்வர், அவர் வணிகவியல். அத்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கூண்டுக்குள்ள பொட்டென்ஷியல் என்னம்மா?”

சிரிக்கவேயில்லை மனுஷன். என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். படுபாவி, படுத்துக்கொண்டே இதைத்தான் யோசித்திருக்கிறான்.

“ஜீரோ சார்.”

செப்டம்பர் 15, திங்கள்

நிரந்தரம் ஆகிவிட்டது. புது வகுப்பு, அதே பாடம். ஜீரோ என்று எழுதியதும் முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள்.

“அப்ப சாருக்கு எப்படி மேடம் ஷாக் அடிச்சுது?”

“மெஷின்ல கோளாறு. உட்காரு.”

பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். பின்வரிசையில் சக்கர நாற்காலியிலிருந்து அத்தான் தலையாட்டினார்.